கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

சென்னை எழும்பூருக்கு அடுத்த புதுப்பேட்டையில், கழற்றிய வண்டிகளின் கதவும் கியர்பாக்ஸும் சைலன்ஸரும் கடைக்குக் கடை குவிந்து கிடக்கும். எந்தப் பழைய காருக்கும் அங்கே ஏதாவது ஓர் உறுப்பு கிடைத்துவிடும். அந்தக் கடைவீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறைக்குச் சில வாரங்களாகப் போய் வந்துகொண்டிருந்தேன். பார்ட் எளிதில் கிடைக்கும் ஊரில், பார்ட் மாற்றாமலே கோளாறைக் கண்டுபிடிக்கும் ஒரு மெக்கானிக் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரை அங்கே எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள்.

நான் அங்கிருந்த ஒரு காலையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் மாருதி 800 காரைக் கொண்டுவந்தார். 1998-ஆம் ஆண்டு வண்டி, கார்பரேட்டர் மாடல். இரண்டாம் கையாக வாங்கியது. சிக்னலில் நிறுத்தினால் ஸ்டியரிங் முதல் சீட் வரை உதறுகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகிவிடும். இதற்கு முன் போன இரண்டு பட்டறைகளில் பிளக் மாற்றினார்கள், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், ஸ்லோ ஸ்பீடைத் திருகி ஏற்றிவைத்தார்கள். கொஞ்ச நாள் அடங்கியிருந்த உதறல் திரும்ப வந்துவிட்டது.

அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. "டீச்சரம்மா, காலைல மொதல் ஸ்டார்ட்ல எப்படி இருக்கு? ஓடிச் சூடானப்புறம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். காலையில்தான் மோசம், ஓட ஓடக் குறையும், ஆனால் முழுதாகப் போகாது என்றார் ஆசிரியை. முன்பு வண்டியில் கேஸ் கிட் இருந்ததா, கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள், அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வண்டியை இரவு அங்கேயே விட்டுப் போகச் சொன்னார். ஆறிய இன்ஜினில் வரும் கோளாறை ஆறிய இன்ஜினில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும், கையைச் சைலன்ஸர் வாயருகே வைத்துப் பார்க்கச் சொன்னார். காற்று சீராக வராமல் ஒரு தாளத்தில் விட்டுவிட்டு வந்தது. "மிஸ்ஸிங் ஒழுங்கா ஒரே எடத்துல விழுது. கண்டபடி விழுந்தா பெட்ரோலா இருக்கலாம், காத்தா இருக்கலாம். இப்படி எண்ணி எண்ணி விழுந்தா ஒரு சிலிண்டர்தான்."

மாருதி 800 இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், 796 சிசி. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 22 முறைக்கு மேல் உள்ளே வெடிப்பு நடக்கிறது. மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான்கு, ஆறு சிலிண்டர் வண்டிகளைவிட இதில் உதறல் தூக்கலாகத் தெரிவது அதனால்தான். மூன்று சிலிண்டருக்கு இயல்பாகவே சிறு ஆட்டமும் உண்டு. நல்ல வண்டியின் ஆட்டம் எவ்வளவு என்று கைக்குப் பழகியிருந்தால்தான் கெட்ட வண்டியின் உதறலைப் பிரித்தறிய முடியும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் நைந்துபோயும் வண்டி உதறும். அப்போது இன்ஜினில் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அண்ணன் முதலில் கடப்பாரையால் நெம்பி மவுண்டைப் பார்த்துவிட்டார். அது நன்றாக இருந்தது.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஏன் சரியாகிறது என்று கேட்டேன். "சைக்கிள மெதுவா ஓட்டினாத்தானே சார் ஆடும்?" என்றார். கால் வைக்காத நிலையில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது. உள்ளே போகும் கலவை மிகக் குறைவு. இன்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கு மட்டுமே பலம் இருக்கும். சிறு கசிவு, சிறு பொறிக்குறைவு எதையும் அந்த நிலையில் மறைக்க முடியாது. வேகம் கூடினால், கசிவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிடுகிறது.

பிறகு காற்று. மேனிஃபோல்டில் வந்து சேரும் ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் விரலால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கேஸ்கட் ஓரங்களில் தண்ணீரைப் பீச்சினார். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். சில பட்டறைகளில் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான சைலன்ஸர் பக்கத்தில் அது தீயை வரவழைக்கும் வேலை. சத்தம் மாறவில்லை. இப்போது பழைய வண்டிகளில் ரப்பர் கோளாறு கூடியிருக்கிறது என்றார். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. எத்தனாலைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத பழைய ஹோஸும் டயஃப்ரமும் உப்பிப்போகின்றன. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் மெலிந்துவிடுகிறது. சென்சார் இருக்கும் இன்ஜின் அதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அது தெரியாது.

அடுத்து, உதவிக்கு இருக்கும் பையனைக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் பிடி போட்ட இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். ஒன்றாம் ஒயரைக் கழற்றியதும் இன்ஜின் தடுமாறியது. மூன்றிலும் அப்படியே. இரண்டாம் ஒயரைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவனை நிறுத்தினால் என்ன மாறும்? இரண்டாம் பிளக்கையும் ஒன்றாம் பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டார்கள். கோளாறு பிளக்கோடு நகரவில்லை, இரண்டிலேயே இருந்தது. பொறி நீலமாக, பலமாக விழுந்தது. ஆக, மின்சாரம் குற்றவாளியல்ல.

அப்புறம்தான் கம்ப்ரஷன் கேஜை எடுத்தார். பிளக்குகளைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தார்கள். ஒன்றிலும் மூன்றிலும் முள் பன்னிரண்டை நெருங்கியது. இரண்டில் ஏழு தாண்டவில்லை. ஒரு கரண்டி ஆயிலை அந்தச் சிலிண்டருக்குள் ஊற்றி மறுபடி பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து முள் ஏறும். ஏறவில்லை. "வால்வு முழுசா மூடல" என்றார். அதுவரை அவர் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகியிருக்கவில்லை.

டேப்பட் கவரைக் கழற்றி, தகடு கேஜை இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் பக்கம் நுழைத்தார். மிக மெல்லிய தகடும் போகவில்லை. வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பட் ஸ்க்ரூவுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை; அதனால் வால்வு இருக்கையில் முழுதாக உட்காராமல் நூலளவு திறந்தே நின்றது. எப்படி வந்தது இது? இதுபோல் முன்பு கேஸில் ஓடிய வண்டிகளில் வால்வு இருக்கை சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வு மேலே ஏறி இடைவெளியைத் தின்றுவிடும். அதோடு இந்த இன்ஜினில் ஆறிய நிலைக்கு ஓர் அளவு, சூடான நிலைக்கு அதைவிடக் கூடுதலான அளவு. சூடான இன்ஜினில் ஆறிய அளவை வைத்து யாரோ டேப்பட் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள். ஆறியதும் இடைவெளி இன்னும் இறுகியிருக்கிறது. காலையில் உதறல் கூடியதன் காரணம் இது. "சத்தம் போடுற டேப்பட்டுக்கு நான் பயப்பட மாட்டேன் சார். சத்தமே போடாததுதான் வால்வைக் கருக்கும்."

லாக் நட்டைத் தளர்த்தி, தகடு மெல்லிய இழுவையோடு நகரும்வரை ஸ்க்ரூவைத் திருப்பி இறுக்கினார். மீண்டும் கேஜ் வைத்தபோது இரண்டாம் சிலிண்டர் பதினொன்றைத் தொட்டது. வால்வு இன்னும் கருகவில்லை. கருகியிருந்தால் ஹெட்டைக் கழற்றியிருக்க வேண்டும். முந்தைய பட்டறைகள் ஏற்றிவைத்த ஸ்லோ ஸ்பீடைக் கடைசியாக 900-க்கு இறக்கினார். சிக்னலில் நிற்பதுபோல் நிறுத்திப் பார்த்தோம். டேஷ்போர்டில் வைத்த சாவிக்கொத்து அசையாமல் கிடந்தது.

மாற்றிய பொருள் ஒரு கவர் கேஸ்கட் மட்டும். கூலி ஆயிரம் ரூபாய். "எதுவும் மாத்தலையே தம்பி?" என்று ஆசிரியை கேட்டது நியாயமான கேள்விதான், இரண்டு பட்டறைகளில் செலவழித்து வந்தவர் அவர். அண்ணன் பில்லில் எழுதியதை நான் பார்த்தேன்: கவர் கேஸ்கட், டேப்பட் செட்டிங், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, ஒவ்வொன்றாக விலக்கி, கடைசி ஒன்றில் வந்து நின்ற அந்த நேரத்துக்குப் பில்லில் ஒரு வரி இல்லை. இந்தத் தொழிலின் துயரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பார்ட் மாற்றினால் கமிஷனும் கூலியும் கைக்கு வரும். யோசித்தால் ஒன்றும் வராது. அப்படியிருக்க, யோசிக்காத பட்டறைகள் பெருகுவதில் என்ன வியப்பு?

யோசிப்பவர்களின் உடல் கொடுக்கும் விலையும் கண்ணில் பட்டது. பெட்ரோலில் கழுவிக் கழுவித் தோல் வெடித்த விரல்கள். மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இன்ஜினை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். தலைவலி என்று அவர்கள் சொல்வதில் பாதி அதுவாக இருக்கும். ரப்பர் கையுறையும் புகையை வெளியே கொண்டுபோகும் ஒரு குழாயும் பெரிய செலவில்லை. முதலாளிகளும் வண்டிக்காரர்களும் அவற்றைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

புது வண்டிகளில் ஸ்கேனரைச் சொருகினால் பி0302 என்று வரும். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். அது எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்று அதற்குப் பிறகு போகும் வழி அண்ணன் போன வழிதான். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. அங்கே படித்துவிட்டு வந்த இந்தப் பையன், விலக்கிக்கொண்டே போகும் அந்த வரிசையை இங்கேதான் கற்றுக்கொள்கிறான்.

உங்கள் வண்டி உதறினால், மெக்கானிக்கிடம் என்ன மாற்றினீர்கள் என்று கேட்பதற்கு முன், என்ன பார்த்தீர்கள், எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவருக்கு, பார்த்ததற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். பில்லில் அந்த வரியை எழுதச் சொல்லியே கொடுங்கள். அந்த வரி வழக்கத்துக்கு வந்தால், யோசிக்கிற பட்டறைகளும் பிழைக்கும்.