'நடத்துவார்' என்னும் வினைச்சொல்

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை முதல் இடுக்கியின் மறையூர், மூணாறு வரை எல்லையோரத் தமிழைப் பதிவு செய்துவருகிறேன். கிறிஸ்தவ வீடுகளில் உரையாடல் முடியும் தறுவாயில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் வந்துவிடும்: "கர்த்தர் நடத்துவார்." என் வீட்டிலும் அதுவே வழக்கு.

'காண்' என்பதன் பிறவினை 'காட்டு'. 'நட' என்பதன் பிறவினை 'நடத்து'. வழிகாட்டுபவர் நின்ற இடத்திலிருந்தே காட்டலாம். சாலையோரப் பலகையும் அதைச் செய்கிறது. வழிநடத்துபவர் உடன்வர வேண்டும். அப்போதும் நடக்கும் வேலை நடத்தப்படுபவருடையதே. ஆபிரகாமுக்கும் புறப்பாடே முதலில் வாய்த்தது. தேசம் எது என்பது பின்னரே தெரிந்தது.

இம்மலை மக்களுக்கு 'யார் நடத்துகிறார்' என்பது வெறும் தத்துவக் கேள்வி அன்று. அவர்களுடைய முன்னோர் பலரைப் போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து மலையேற்றி நடத்தி வந்தவர் கங்காணி. அவர் கொடுத்த முன்பணம் கடனாகி, அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. அந்த நினைவை உடையவர்கள் அதே வினைச்சொல்லைக் கடவுளுக்குச் சொல்லும்போது, கடன் எழுதாத ஒருவரை நம்புகிறோம் என்றே சொல்கிறார்கள் என நான் வாசிக்கிறேன்.

ஆய்வேட்டின் இறுதியாண்டில் இக்கேள்வி எனக்கும் வந்தது. வெளிநாட்டில் ஈராண்டு ஆய்வுப்பணி ஒருபுறம். மறுபுறம், ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலிசெய்து தமிழ்நாட்டின் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறப்போகும் ஒரு தலைமுறையின் பேச்சு. இன்று பதியாவிட்டால் அது ஒரே இடத்தில் மீண்டும் கிடைக்காது. பல வாரங்கள் ஓர் அடையாளம் கேட்டு ஜெபித்தேன். ஒன்றும் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் கொழுந்து பறித்த பாட்டி சொன்னார்: "ஏட்டி, நடந்தாத்தான அவரு நடத்துவாரு. உக்காந்தே இருந்தா யார நடத்த?" பிறவினைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

ஆயினும் இந்த நம்பிக்கையை எளிதாகச் சொல்லிவிட முடியாத இடம் ஒன்றுண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். தப்பியவரைக் கடவுள் நடத்தினார் என்றால், மண்ணுக்குள் போன பிள்ளைகளை அவர் கைவிட்டாரா? அப்படியொரு கணக்கை என்னால் எழுத இயலாது. நடத்துவார் என்பது சரிவு நிகழாது என்ற உத்தரவாதம் அன்று. பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டித் தர வேண்டியவர்களின் பொறுப்பை அது குறைப்பதும் இல்லை. அதன்பின் பல நாள் ஆற்றோரம் நடந்து, உடல்களைத் தேடியவர்களின் கால்களில்தான் அவ்வினைச்சொல்லின் பொருளை என்னால் காண முடிகிறது.

மூணாற்றின் சி.எஸ்.ஐ. ஆலயக் குன்றிலும் முதலில் வந்தது கல்லறையே. 1894இல் காலராவால் இறந்த எலினார் இசபெல் மே என்னும் இளம்பெண் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1910இல். துயரத்துக்குப் பின்னும் மக்கள் அக்குன்றின்மேல் ஏறிப் போயிருக்கிறார்கள்.

'நட'விலிருந்து வந்த இன்னொரு சொல் 'நடத்தை'. எதிர்காலம் புலப்படாத வேளையில் எனக்குக் கிடைத்த அளவுகோல் அதுதான்: எந்த வழியில் நான் பிறரிடம் உண்மையாக நடந்துகொள்வேன்? தங்கள் குரலை நம்பி ஒப்படைத்தவர்களின் பதிவுகளை முடித்துவிட்டே அடுத்ததைப் பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். வெளிநாட்டுப் பணி எனக்காகக் காத்திராது. இதுவே தேவசித்தம் என்று முத்திரை குத்தத் துணிவில்லை. தவறான திருப்பமாக இருந்தால், அங்கிருந்தும் நடத்துவார் என்று நம்புகிறேன். அடுத்த வாரம் வட்டவடைக்குப் போகிறேன்.