தலையணை உறையும் வோட்டுரிமையும்

பழந்துணிக்கு நம்முடைய வீடுகளில் நடக்கும் மரியாதை இன்னதென்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைந்த நூற்சேலையை நான்காக மடித்து ஓரம் தைத்துத் தொட்டில் குழந்தைக்கு விரிப்பாக்குவது ஒரு வகை. பாத்திரக்காரன் வாசலில் குரல் கொடுத்ததும், ஒரு கூடை துணியைப் போட்டு, நீண்ட நேரம் பேரம் பேசி, ஒரு சிறு டம்ளருக்குத் தோற்றுப் போவது மற்றொரு வகை. நமது பாட்டனாரின் வேஷ்டி ஒன்று கடைசியில் விளக்குத் துடைக்கும் துணியாகி முக்தி அடைந்ததை நாமே கண்டிருக்கிறோம். ஆனால், கந்தல் தைத்த பெண்கள் சங்கம் வைத்து, நிலம் வாங்கி, வோட்டுக் கேட்டதற்காக வீடிழந்தவர்களுக்கு மனையும் கொடுத்தார்கள் என்றால், கேட்பவர் அதைப் புராணம் என்றுதான் எண்ணுவார். அது புராணமன்று. அமெரிக்காவில், அலபாமா மாகாணத்தில் நடந்த காரியம்.

அம்மாகாணத்தின் வில்காக்ஸ் ஜில்லாவில் அலபாமா ஆறு குதிரை லாடம்போல் வளைந்து செல்கிறது. மூன்று புறமும் நீர் சூழ்ந்த அந்த வளைவுக்கு ஜீஸ் பெண்ட் என்று பெயர். 1816-ல் ஜோஸப் ஜீ என்னும் வெள்ளைக்காரர் நீக்ரோ அடிமைகளைக் கொண்டு வந்து அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-ல் தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அடிமைகளும் தோட்டத்தோடு மாறினார்கள். எஜமானனுடைய குலப்பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. ஆகையால்தான் இன்றும் அவ்வூரில் உறவுடையவர்களும் உறவில்லாதவர்களும் பலர் பெட்வேக்களாகவே இருக்கிறார்கள்.

அடிமைத்தனம் 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. கடன் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. வாரத்துக்கு உழுகிறவன் விதையையும் மாவையும் வியாபாரியிடம் கடனாக வாங்குவான். பருத்தி எடுத்ததும் அடைப்பான். அடைத்தது போக மிச்சம் என்னவென்று நமது கிராமங்களை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பருத்தியின் விலை விழுந்து கிடந்த 1932-ல், கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்தார். அவர் குடும்பத்தார் பாக்கியை ஒரேயடியாக வசூலிக்க முற்பட்டனர். கோவேறு கழுதை, மாடு, கலப்பை, களஞ்சியத்துச் சோளம் எல்லாம் வண்டியேறிப் போயின. செஞ்சிலுவைச் சங்கத்தாரின் உதவியால் அவ்வருஷத்துக் குளிர்காலம் கழிந்தது. பின்னர் 1937-ல் ஸர்க்கார் அந்நிலத்தை விலைக்கு வாங்கி, 1940-க்குப் பிறகு உழுகிறவர்களுக்கே தவணைக் கடனில் விற்றனர். இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த நிலம் உள்ளவன் நிமிர்ந்து பேசுவதற்கும், பிறர் நிலத்தில் குடியிருப்பவன் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு.

இனிப் போர்வைக்கு வருவோம். பலகைச் சுவர் வீடுகள். பலகைக்குப் பலகை இடுக்கு. பத்திரிகைத் தாள்களைச் சுவரில் ஒட்டிக் காற்றைத் தடுப்பார்கள். அதற்கும் அடங்காத குளிருக்கு ஒட்டுப்போர்வைதான் கதி. வயல்வேலைக் கால்சட்டையில் முழங்கால் போனால் மீந்த பகுதி, கிழிந்த சட்டையின் வால், மாவுச் சாக்கு, உரச் சாக்கு, இவை மேல்துணியாகும். பருத்தி அரைக்கும் ஆலையில் பெருக்கியெடுத்த பஞ்சைக் கோலால் அடித்துப் பரப்பி நடுவில் வைப்பார்கள். கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவ ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் போர்வை முடிந்தது.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. தைத்தவளோ பகல் முழுவதும் பருத்திக் காட்டில் நின்றவள். அடுப்பும் குழந்தைகளும் ஓய்ந்த பிறகு விளக்கடியில்தான் அவளுக்குத் துண்டுகளை இணைக்கப் பொழுது. அது தனியாகச் செய்யும் வேலை. எந்த நீலத்தின் பக்கத்தில் எந்தப் பழுப்பு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லுவதில்லை. சட்டத்தில் கட்டித் தையலோடுவது மட்டும் கூட்டு வேலை. நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து, தேவாலயப் பாட்டைப் பாடிக்கொண்டு முடிப்பார்கள். வசந்தம் வந்ததும் போர்வைகளைக் கொடியில் போட்டுக் காற்றாட விடுவார்கள். அவ்வழியே நடந்துபோய் அடுத்த வீட்டுக்காரியின் கைவேலையை நோட்டம் விடுவதே அவ்வூரின் கண்காட்சி. சதுரத்துக்குள் சதுரமாகச் சுருங்கிச் செல்லும் அமைப்புக்கு வீட்டுக் கூரை என்று பெயர். எந்த மாதிரியிலும் சேராததைச் செய்தவள் அதை 'என் வழி' என்று சொல்லி விடுவாள்.

1942-ல் மிஸௌரி பெட்வே என்னும் மாது கணவனை இழந்த துக்கத்தில் இருந்தாள். அவன் வயலில் உடுத்திய துணிகளைச் சேகரித்து ஒரு போர்வை தைத்து, அவனை நினைத்து அதைப் போர்த்திக்கொண்டாள். வெளுத்த நீலமும் சாம்பல் நிறமுமாக இருக்கும் அதன் படத்தைப் பார்த்தோம். முழங்கால் பட்ட இடங்கள் தெரிகின்றன. அதைப் பற்றி மேலும் எழுத நமக்குத் துணிவில்லை.

1959-ல் நமது தேசத்துக்கு வந்து காந்தியடிகளின் வழியை ஆராய்ந்து சென்ற மார்ட்டின் லூதர் கிங், 1965-ல் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். அதற்கு முன்பே அங்கிருந்தவர்கள் வோட்டர் ஜாபிதாவில் பெயர் பதிய ஆற்றைக் கடந்து காம்டன் நகருக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். 1962-ல் படகுப் போக்குவரத்து நின்று போயிற்று. எதிர்க்கரைக்குச் செல்ல ஒரு மணி நேரம் மோட்டாரில் சுற்ற வேண்டியதாயிற்று. மோட்டார் யாரிடம் இருந்தது என்பது வேறு விஷயம். மறுபடி படகு ஓடியது 2006-ல்தான்! அக்கம்பக்கத்தில் பிறர் நிலத்தில் குடியிருந்த நீக்ரோவர் பெயர் பதிந்ததற்காக வீட்டை விட்டே துரத்தப்பட்டனர்.

இந்தச் சமயத்தில் பிரான்ஸிஸ் வால்டர் என்னும் பாதிரியார் ஒருவர், கொடியில் கிடந்த போர்வைகளைக் கண்டு வண்டியை நிறுத்தினார். போர்வைக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கில் ஏலம் போட்டார். 1966 மார்ச்சில் பெண்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். பெயர் 'பிரீடம் குவில்டிங் பீ'. 'பீ' என்பதற்குத் தேனீ என்று பொருள் கொண்டு நமது மாணவர்கள் மார்க்கு இழக்க வேண்டாம். அந்நாட்டில் ஊரார் கூடிச் செய்யும் வேலைக்கும் அப்படிப் பெயர். 'சுதந்திரப் போர்வைத் தையற் சங்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்னும் அம்மையார் அதை நிர்வகித்தார்.

சங்கம் என்று ஏற்பட்டதும் சங்கடமும் ஏற்பட்டது. பெரிய நகரத்துக் கடைக்காரர் நூறு போர்வை கேட்டால் நூறும் ஒரே அளவாக, ஒரே வர்ணமாக இருக்க வேண்டும். 'என் வழி'க்கு அங்கே இடமில்லை. 1972-ல் ஸியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. உறைக்குப் பின் உறை, அதற்குப் பின் இன்னோர் உறை!

"கலையைக் கொன்றுவிட்டார்கள், ஸார்! அந்தப் போர்வைகள் எங்கே, தலையணை உறை எங்கே?" என்று நமது பள்ளிச் சித்திர உபாத்தியாயர் வருத்தப்பட்டார். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் அல்ல. 1925-ல் அமைந்த சர்க்கா சங்கத்தார் நூலின் நம்பரையும் சமத்தையும் வலுவையும் சோதித்துத்தானே கூலி கொடுத்தார்கள்? முறுக்குக் கோணினால் நெசவாளி தறியில் அழுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். பசித்த வீட்டில் முதலில் வர வேண்டியது கூலி. ஜீஸ் பெண்டை அடுத்த ரிஹோபத்தில் இச்சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கியது. 1969-ல் அங்கே தையல் கூடம் கட்டியது. அந்நிலத்திலேயே எட்டு மனைகளை, வோட்டுக்குப் பெயர் பதிந்து வீடிழந்த குடும்பங்களுக்கு விற்றது. எந்தச் சித்திரசாலையும் செய்யாத காரியத்தை ஒரே மாதிரியான தையல் செய்திருக்கிறது. உபாத்தியாயர் இதற்குப் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அவருக்கு ஆறுதலாக ஒன்று உண்டு. உறை வெட்டியதில் மீந்த கார்டுராய்த் துண்டுகள் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போயின. பகலில் சங்கத்தின் அளவுக்குத் தைத்த கைகள், இரவில் அதே துணியைத் தம் இஷ்டப்படி ஒட்டின. தடித்த வரிகளையுடைய அத்துணி வளைந்து கொடுக்காது. ஆகவே பெரிய பெரிய கட்டங்களாகப் பச்சையும் பொன்னிறமும் செம்மையும் அடுக்கினார்கள். அவ்வூர்ப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நகரத்து மியூஸியத்தில் ஏறியபோது, அவற்றுள் இந்தக் கார்டுராய்ப் போர்வைகளும் இருந்தன. 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா பத்துப் போர்வைகளைத் தபால் தலைகளாக வெளியிட்டது. புகழ் வந்ததும் பணத்தைப் பற்றிய வழக்கும் வந்தது, தைத்தவர்களுள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், 2008-ல் சமரசமாயிற்று.

சங்கம் 2012-ல் கலைந்தது. மூத்த கைகள் ஓய்ந்தன. மலிவான போர்வைகள் கடைகளில் குவிந்தன. ஆனால் 2022 முதல் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், அவ்வூரார் போர்வைகளையெல்லாம் வெளியே கொண்டுவந்து கொடிகளில் கட்டுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வீடு வீடாக நடந்து பார்க்கிறார்கள். விலையைத் தைத்தவளிடமே கேட்கலாம்.