கேமரன் மலைச் சேற்றில் ஒரு கயிற்றுப் பாடம்



கேமரன் மலைக்குப் போய் வராத குடும்பம் நம்மிடையே குறைவு. தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். சந்தையில் தக்காளியும் முட்டைக்கோசும் பேரம் பேசி வாங்குவோம். குளிர் காதைக் கடிக்கத் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கிவிடுவோம். அந்தக் காய்கறி விளைந்த இடத்திலிருந்து தார்ச்சாலை வரைக்கும் எப்படி வந்து சேர்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? சென்ற பள்ளி விடுமுறையில் அந்த வழியைப் பார்த்து வரலாம் என்று கிளம்பினேன். அங்கே நான் கற்றுக்கொண்டது கயிற்றைப் பற்றி.

கயிற்றில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டுகிறவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கி, நண்பர்களோடு காட்டுப் பாதையில் போய்வரும் பிள்ளை இருக்கலாம். 1997-ல் நம் நாட்டில் ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ என்ற காட்டு வண்டிப் போட்டி தொடங்கியதற்குப் பின் இந்த ஆசை பல இளைஞர்களைப் பிடித்திருக்கிறது. வண்டி சேற்றில் புதையும் நாளில் அவர்கள் உயிர் ஒரு கயிற்றை நம்பித்தான் நிற்கும்.

மலையும் வண்டியும்

ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயில் திரும்பி மலை ஏறினால், வளைந்து வளைந்து கம்போங் ராஜாவை அடையலாம். அதன் பக்கத்திலிருந்து ஒரு சாலை லோஜிங் வழியாகக் கிளந்தானின் குவா மூசாங்கை நோக்கிப் போகிறது. மற்றொன்று திரிங்காப், பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தாவுக்குப் போகிறது. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பகுதிக்கு வந்ததால் அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ல். காட்டை வெட்டித் தேயிலை நட்டதிலும் கொழுந்து கிள்ளியதிலும் நம்மவர் உழைப்பு எவ்வளவு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளைகள் பலர் இன்று காய்கறித் தோட்டங்களில் வண்டி ஓட்டுகிறார்கள்.

தார்ச்சாலையை விட்டு இறங்கிவிட்டால் வழி என்று சொல்ல ஒன்றுமில்லை. மலைச்சரிவை வெட்டிய ஒற்றைத் தடம். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். மழை பெய்தால் செம்மண் சோப்புக் கட்டியாக வழுக்கும். இந்தத் தடத்தில் நாளெல்லாம் ஏறி இறங்குபவை பழைய லேண்ட் ரோவர் வண்டிகள். 1948-ல் முதன்முதலாக வெளிவந்த வண்டி இது. போருக்குப் பின் இரும்புத் தகடு தட்டுப்பாடாக இருந்ததால் மேல் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். அன்றைய தட்டுப்பாடு கேமரன் மலைக்கு நன்மையாக முடிந்தது. இந்த ஈரத்தில் அலுமினியம் துருப்பிடித்து உதிர்வதில்லை. அந்தப் பழைய வடிவத்தில் வண்டி செய்வது 2016 ஜனவரியோடு இங்கிலாந்தில் நின்றுபோனது. மலையில் மட்டும் பேரன் காலத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

சேற்றில் போட்ட கணக்கு

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அறுபது வயதைத் தாண்டியும் ஸ்டியரிங்கை விடாத ஓர் ஓட்டுநர் அண்ணனோடு நான் போனேன். உதவிக்கு அவருடைய தங்கை மகன், பத்தொன்பது வயதுப் பையன். பாதி வழியில் முன்னே போன வண்டி ஒன்று முட்டைக்கோசுக் கூடைகளோடு புதைந்து நின்றது. சேறு சக்கரத்துக்கு மேலே மட்கார்டு வரை ஏறியிருந்தது. எங்கள் வண்டியின் முன்னால் மின்சார வின்ச் இருந்தது. சட்டென்று கயிற்றை மாட்டி இழுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்னண்ணே யோசனை?” என்று கேட்டேன்.

“கணக்கு, வாத்தியாரே! நீங்க பலகையில போடுறத நான் சேத்துல போடுறேன்” என்று சிரித்தார்.

அந்தக் கணக்கைக் கேளுங்கள். வண்டி ஒன்றரை டன், சுமை ஒரு டன். ஆக இரண்டரை டன். சக்கரம் மட்டும் புதைந்திருந்தால், வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும். சேறு மட்கார்டு வரை ஏறிவிட்டால் அதைப்போல் இருமடங்கு. அதற்கும் மேலே போய்விட்டால் மும்மடங்கு. அப்படியானால் இந்த வண்டிக்கு ஐந்து டன் இழுவை. மேடு ஏற வேண்டியிருந்தால் அது தனி. “வின்ச்சு இழுக்கிறது நாலு டன் சொச்சம். அஞ்சு டன்ன இழுன்னா கயிறு என்ன பண்ணும்?” என்றவர், முதலில் கூடைகளை இறக்கச் சொன்னார். பிறகு சக்கரங்களுக்கு முன்னால் சேற்றை வெட்டச் சொன்னார். புதைந்த வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியாகச் செலுத்தி, நுனியைத் திரும்பவும் தம் வண்டியிலேயே பொருத்தினார். அசையும் கப்பி பாரத்தைப் பாதியாக்கும் என்று நாம் அறிவியல் பாடத்தில் படித்தது இதுதான். இழுவையை இரண்டு கயிறுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அரை மணி வேலைக்குப் பின் வண்டி அலுங்காமல் குலுங்காமல் மேலே வந்தது.

ஒரு கண்ணின் விலை

அவருக்கு இந்த நிதானம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இதே மலையில், வேறொரு தோட்டத்தில் அவர் வேலை செய்தபோது வின்ச்சில் இருந்தது இரும்புக் கம்பிக் கயிறு. அங்கங்கே இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. “இன்னும் ஒரு மாசம் தாங்கும்” என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். மழை நாள் ஒன்றில், வண்டியை இழுக்கும்போது அது அறுந்தது. கொக்கியோடு பறந்து வந்த முனை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அவருடைய நண்பரின் வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. நண்பருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புதுக் கயிற்றுக்கு ஆகும் செலவை அன்று மிச்சப்படுத்தியவர்களுக்குக் கண்ணின் விலை தெரியவில்லை.

நான்கு வகைக் கயிறுகள்

நம் முன்னோர் தேங்காய் நாரில் கயிறு திரித்தார்கள். ஆங்கிலத்தில் நாருக்கு வழங்கும் ‘காயர்’ என்ற சொல்லே மலையாளத்துக் ‘கயர்’, அதாவது நம் கயிற்றின் உடன்பிறப்பு. இன்று கடையில் தொங்குபவை பெரும்பாலும் செயற்கை இழைக் கயிறுகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் குணம் வேறு வேறு.

முதலாவது, பச்சையும் நீலமுமாக மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு. கூடை கட்டவும் கொடி கட்டவும் நல்லது. வெயிலில் கிடந்தால் நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். இதனால் வண்டியை இழுக்கவே கூடாது.

இரண்டாவது, நைலான். 1935-ல் அமெரிக்காவின் டூபோன்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய இழை. இதன் சிறப்பு நீட்சி. வண்டி மீட்கவென்றே பின்னிய நைலான் கயிறு தன் நீளத்தில் சுமார் 30 விழுக்காடு வரை நீண்டு, பிறகு சுருங்கும். வின்ச் இல்லாத இடத்தில், ஒரு வண்டி ஓடி மற்றொன்றை உந்தி எடுக்க இதுவே ஏற்றது. நீளாத கயிற்றில் அப்படிச் செய்தால் அந்த உதறல் கொக்கியையே பிய்த்தெடுக்கும். இரட்டைப் பின்னலுள்ள நல்ல நைலான் கயிறு 22 மில்லிமீட்டர் பருமனில் ஏறக்குறைய 13 டன்னில்தான் அறும். நனைந்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாலியெஸ்டர். அதிகம் நீளாது, நனைந்தாலும் பலம் போகாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். மரத்தைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டைக்கு இது பொருத்தம. வெறும் கயிற்றை மரத்தில் கட்டினால் பட்டை உரிந்து மரமும் சாகும், கயிறும் தேயும்.

நான்காவது, வின்ச்சுக்கு ஏற்ற கயிறு. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் இழை இது. பால் போத்தல் செய்யும் பாலிஎதிலீன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இதன் மூலக்கூறுகள் மிக நீளமானவை; ஒரே திசையில் வரிசையாகப் படுத்திருப்பவை. ஊர் கூடித் தேர்வடம் பிடிக்கும்போது அத்தனை பேரும் ஒரே பக்கமாக இழுப்பதைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் கயிறு ஏறக்குறைய 9 டன் தாங்கும். அதே பருமனுள்ள இரும்புக் கயிறு தாங்குவது ஆறரை டன் அளவுதான். வின்ச்சில் சுற்றும் 28 மீட்டர் இரும்புக் கயிறு சுமார் 11 கிலோ. இதுவோ ஒன்றரை கிலோ. நீரில் மிதக்கும். கையில் முள் ஏறாது. எடை குறைவு என்பதால் அறுந்தாலும் இரும்பைப்போல் வெறிகொண்டு பாயாது. ஆனால் இது நீளாது. எனவே ஓடி உந்தி இழுக்கும் வேலைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். நைலானை வின்ச்சில் சுற்றாதீர்கள்.

கடையில் ஐயம் வந்தால் ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிபுரொப்பிலீனும் டைனீமாவும் மிதக்கும். மிதப்பதெல்லாம் பலமானது என்று மயங்கிவிட வேண்டாம். டைனீமா மெழுகு தடவியதுபோல் வழவழப்பாக இருக்கும். அறும் சுமை எவ்வளவு என்று எழுதிய சீட்டு அதில் இருக்க வேண்டும். சிலவற்றில் டன்னுக்குப் பதில் கிலோநியூட்டன் போட்டிருப்பார்கள். 10 கிலோநியூட்டன் சற்றேறக்குறைய ஒரு டன். வின்ச் இழுக்கும் அளவைப்போல் இருமடங்கு தாங்கும் கயிறே நமக்கு வேண்டியது. சீட்டில்லாத கயிறு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது

முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் பாதியாகக் குறையலாம். வழவழப்பான டைனீமாவிலோ முடிச்சு நழுவியே போகும். நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துக் கண்ணி பின்ன வேண்டும். 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு உள்ளே புதையும் நீளம் 70 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வின்ச் உருளையில் எப்போதும் 8 சுற்றாவது மிஞ்சியிருக்கட்டும்.

இதற்கு எதிரிகள் நான்கு: மணல், கூர்விளிம்பு, வெப்பம், வெயில். சேற்றில் உழைத்து வந்த கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உள்ளே தங்கிய மணல் இழைகளை அரம்போல் அராவும். இரும்புக் கயிறு அறுத்துப் பள்ளமாக்கிய பழைய உருளிகளின் வழியே புதுக் கயிற்றைச் செலுத்தாதீர்கள். வழவழப்பான அலுமினிய வாய் ஒன்றைப் பொருத்துங்கள். இந்த இழை 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதற்கு வெகு முன்பே பலம் குறையத் தொடங்கும். பல வின்ச்சுகளில் பிரேக் உருளைக்கு உள்ளேயே இருப்பதால், வண்டியைச் சரிவில் மெல்ல இறக்கும்போது உருளை கொதிக்கும். இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். வேலை இல்லாத நாளில் கயிற்றை மூடி வையுங்கள். இழை கால்வாசி அறுந்த இடமோ, உருகிக் கெட்டியான இடமோ கண்ணில் பட்டால் அந்தக் கயிற்றை இழுவைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நிற்கும் இடம்

எவ்வளவு நல்ல கயிறானாலும் அதன் பலம் அது மாட்டியிருக்கும் இடத்தின் பலம்தான். வண்டியின் பின்னால் டிரெயிலர் கட்டும் இரும்புக் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது பிய்ந்து துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்து மனிதரைக் கொன்றதுண்டு. ரப்பர் வார் கட்டிய லாஸ்டிக்கை இழுத்து விட்டு விளையாடியவர்கள்தாமே நாம்? நீண்ட நைலான் கயிறு லாஸ்டிக். அதன் நுனியில் மாட்டிய இரும்பு, கல்.

எனவே இழுக்கும்போது கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அது கயிற்றைக் கீழே அமுக்கும். கயிற்றின் நீளம் எவ்வளவோ அதைவிடத் தள்ளி நில்லுங்கள். இறுகிய கயிற்றைத் தாண்டாதீர்கள். சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே இருக்கட்டும். அன்று அந்தப் பையன் செய்ததும் அதுதான். வின்ச் சுழலும் முன் இரு கைகளையும் விரித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்தவர்களை மேட்டுக்கு விரட்டினான். “மாமா, எல்லாரும் தள்ளியாச்சு!” என்ற குரல் வந்த பிறகே பெரியவர் விசையைத் தொட்டார். வாத்தியார் என்று எனக்கும் சலுகை கிடைக்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று நம்மவர் சொல்வார்கள். வண்டிக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழித்துவிட்டுக் கயிற்றில் கஞ்சம் பார்ப்பதும் அப்படித்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த முறை காட்டுப் பாதைக்குக் கிளம்பும்போது, சாப்பாடு எடுத்துக்கொண்டாயா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கயிறு வைத்திருக்கிறாய், அதை எங்கே மாட்டுவாய், இழுக்கும்போது நீ எங்கே நிற்பாய் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாக அனுப்பி வையுங்கள்.