அறைக்கு ஏற்ற செவ்வகம்

தொலைக்காட்சி வாங்கும் எவரும் இப்போது அதன் அகல-உயர விகிதம் என்னவென்று கேட்பதில்லை. 16:9 என்பது கேள்வி எழும் முன்பே கிடைத்துவிடும் விடையாகிவிட்டது. பெங்களூரில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் வீட்டில் மட்டும் அந்த விடை சில வாரங்கள் செல்லுபடியாகவில்லை. அங்கே அமைக்கப்படவிருந்தது கண்ணுக்கு மட்டுமான திரை அன்று. பந்தையும் தாங்க வேண்டிய திரை.

மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீண்ட நடையை மருத்துவர் விலக்கியிருந்தார்; மட்டை வீசுவதை விலக்கவில்லை. பதினெட்டுக் குழிகளை நடந்து முடிக்கக் குறைந்தது ஆறேழு கிலோமீட்டர் வேண்டும். ஆகவே கார் நிறுத்தும் கூடத்தைக் கோல்ஃப் சிமுலேட்டர் அறையாக மாற்றுவதென முடிவாயிற்று. அடிக்கப்படும் பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி ஆகியவற்றைக் கருவி அளக்கும்; பந்து எங்கே சென்று விழும் என்பதைக் கணினி கணிக்கும்; அந்தக் காட்சியைப் புரொஜெக்டர் திரையில் காட்டும். துணைவியார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: இவ்வளவு செலவுக்குப் பின் அந்த அறையில் மாலையில் திரைப்படமும் பார்க்க முடிய வேண்டும். விற்பனையாளர் இந்த நிபந்தனையைக் கேட்டதும், "அப்படியானால் 16:9தான்" என்று முடித்துவிட்டார். கட்டடக்கலை ஆய்வு மாணவியான மகள்தான் அளவு நாடாவை எடுத்தார்.

கூடத்தின் அகலம் 13 அடி, உயரம் 10 அடி, நீளம் 20 அடி. பக்கங்களில் அரையரை அடியும் மேலே ஓரடியும் மெத்தைக் காப்புக்கு விட்டால், திரைக்குக் கிடைப்பது 12 அடி அகலமும் 9 அடி உயரமும். இது துல்லியமாக 4:3. இதே அகலத்தில் 16:10 படம் ஏழரை அடி உயரமே வரும். 16:9 படம் 6 அடி 9 அங்குலத்தோடு நின்றுவிடும். கடைசி விகிதத்தைத் தேர்ந்தால் திரையின் கால் பகுதி வெறும் துணியாக எஞ்சும்.

வெறும் துணியாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பந்து அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. திரையிலிருந்து 10 அடி தொலைவில் வைக்கப்பட்ட பந்து 35 பாகைக் கோணத்தில் எழுந்தால், திரையைத் தொடும் இடத்தில் அதன் உயரம் 7 அடி. அதாவது 16:9 படத்துக்கு மேலே, வானமும் இல்லாத மரமும் இல்லாத ஒரு பட்டையில் அது மோதும். உயரமாக எழும் அடிகளைப் பழகுபவர் ஒவ்வொரு முறையும் தம் பந்து காட்சிக்கு வெளியே போய் விழுவதைப் பார்க்க நேரும். அறைக்குள் மைதானத்தை வரவழைக்கும் ஏற்பாட்டில் முதலில் அறுந்துபோவது அந்த நம்பிக்கைதான்.

16:9 எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டிக்சன், 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு சட்டகத்துக்கு நான்கு துளைகள் என வகுத்ததிலிருந்து 4:3 பிறந்தது. 1932இல் ஹாலிவுட் 1.37 என்பதைத் தரமாக ஏற்றது. தொலைக்காட்சி பழைய 4:3 விகிதத்தையே எடுத்துக்கொண்டது. அதனிடமிருந்து பார்வையாளரை மீட்க, 1953இல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் அகலத்துக்குத் தாவியது. 1980களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு விகிதம் தேடியபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் அப்போது புழங்கிய சட்டகங்களைச் சம பரப்புள்ள செவ்வகங்களாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச் செவ்வகமும் எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் ஏறக்குறைய 16:9 ஆகவே அமைந்தன. அழகான சமரசம், ஆனால் அது படங்களுக்கிடையே ஏற்பட்ட சமரசம். நின்று மட்டை வீசுபவரோ அவருடைய கூரையோ அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

அகலப் படத்தையே இழுத்து 4:3 திரையை நிரப்பிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. பேராசிரியர் அதை உடனே மறுத்தார். அப்படி இழுத்தால் உயரம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். வட்டமான குழி நீள்வட்டமாகும். திரையில் 3 பாகையாகத் தெரிய வேண்டிய சரிவு 4 பாகையாகத் தெரியும். கணினியோ பழைய சரிவை வைத்தே கணக்கிடும். "கண் ஒன்றைச் சொல்லி, கணக்கு வேறொன்றைச் சொன்னால் அது பயிற்சியாகாதும்மா" என்றார். மென்பொருளுக்கே 4:3 தெளிவுத்திறனைக் கொடுத்து, காட்சியை அந்த வடிவிலேயே வரையச் செய்வதுதான் நேர்மையான வழி.

அதற்கு எந்தப் புரொஜெக்டர்? 1024×768 பிக்சல் கொண்ட பழைய வகை, பிறவியிலேயே 4:3. ஆனால் 12 அடி அகலத்தில் அதன் ஒவ்வொரு பிக்சலும் 0.14 அங்குலம் இருக்கும். 1920×1080 கருவியில் 4:3 காட்சி 1440×1080 பிக்சல்களைப் பயன்படுத்தும். கால் பங்கு வீணாகும். 1920×1200 கருவியில் 1600×1200 கிடைக்கும். வீணாவது ஆறில் ஒரு பங்கே. எனவே 16:10 புரொஜெக்டர், 4:3 திரை என்ற இணை தேர்வாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புரொஜெக்டரைத் திரையிலிருந்து எவ்வளவு தொலைவில் மாட்டுவது என்பதற்கு, படத்தின் அகலத்தை வீச்சு விகிதத்தால் பெருக்குவார்கள். பெருக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் 12 அடியை அன்று. பக்கங்களில் இருண்டிருக்கும் பகுதியையும் சேர்த்த முழு அகலத்தை. 9 அடி உயரத்துக்கு 16:10 கருவியின் முழு அகலம் 14.4 அடி. வீச்சு விகிதம் 0.8 என்றால் கருவி 11.5 அடியில், அதாவது பந்துக்குப் பின்னால் அமையும். உயரும் மட்டை ஒளியை மறித்து நிழல் வீழ்த்தும். விகிதம் 0.5 என்றால் 7.2 அடியில், பந்துக்கு முன்னால் கூரையோடு ஒட்டி அமையும். மகள் இரண்டாவதைத் தேர்ந்து, அதற்கு ஓர் இரும்புக் கூண்டும் வரைந்தார். 12 அடியை மட்டும் பெருக்கி 6 அடியில் மாட்டியிருந்தால், படம் ஏழரை அடி உயரத்தோடு நின்றிருக்கும்.

துணைவியாரின் நிபந்தனை என்னவாயிற்று? 16:9 திரைப்படம் இந்தத் திரையிலும் 12 அடி அகலத்துக்கே வருகிறது; மேலும் கீழும் இருள் சேர்கிறது, அவ்வளவே. பிக்சல்கள் 1600×900 ஆகக் குறைவது உண்மையான இழப்புதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1.37 விகிதத்தில் எடுக்கப்பட்ட 'பதேர் பாஞ்சாலி' போன்ற படங்கள் இங்கே 8 அடி 9 அங்குல உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. 16:9 திரையில் அவை பக்கங்களில் சுருங்கியிருக்கும். இந்த அறையில் உயரமான திரை அகலப் படத்துக்கும் இடம் தந்தது. அகலத் திரை உயரும் பந்துக்கு இடம் தந்திராது.

இதனால் 4:3 எங்கும் சிறந்தது என்று ஆகிவிடாது. திரைக்கு 16 அடி அகலமும் 9 அடி உயரமும் கிடைக்கும் கூடத்தில் 16:9தான் இயல்பான விடை. மாற வேண்டியது விடையன்று, கேட்கும் வரிசை: முதலில் அறை, அடுத்து பந்தின் பாதை, பிறகு திரை, அதன்பின் மென்பொருள் வரையும் படம், இறுதியாகக் கருவி. கடையில் இந்த வரிசை தலைகீழாகத் தொடங்குகிறது. கிடைக்கும் கருவிக்கேற்ப ஆய்வுக் கேள்வியைக் கத்தரித்துக்கொள்ளும் பழக்கம் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அங்கே வெட்டுப்பட்டு வெளியே விழுவது எது என்பதைக் காட்ட ஒரு பந்துகூட இருப்பதில்லை.