பூட்டியிருந்த கதவு

சென்ற வருடம் தீபாவளி முடிந்த வாரம், ஒரு புதன்கிழமை மாலை. வடமராட்சியில் நான் வேலை செய்யும் கிராமத்திலிருந்து ஓர் அக்காவை அழைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, திருநெல்வேலியில் ஒரு பெண் பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. "புதனும் ஞாயிறும் விடுமுறை. முகவீக்கம், நிற்காத இரத்தப்போக்கு, அடிபட்ட காயம் என்றால் மட்டும் மணியை அடிக்கவும்" என்று பலகையில் எழுதியிருந்தது. அக்காவுக்கு வலி மட்டுந்தான். "பரவாயில்லை தங்கச்சி, நாளைக்கு வருவம்" என்றார். எனக்கோ கோபம் அடங்கவில்லை.

போரில் கணவரை இழந்த அந்த அக்கா, தையல் மெஷினை நம்பி இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் உழைப்புப் போய்விடும் என்பதால்தான் மாலையில் போனோம்.

மறுநாள் டொக்டர் பார்த்தார். கடைவாய்ப்பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. "மூன்று மாதத்துக்கு முன்னம் வந்திருந்தால் அடைச்சு விட்டிருக்கலாம்" என்றார். அக்கா தலையைக் குனிந்தார். தீபாவளிச் சட்டைகளை முடித்துக் கொடுக்கவேண்டும் என்று வலியைக் கராம்பில் அடக்கி வைத்திருந்தவர் அவர்.

விறைப்பு ஊசி போட்டுக் காத்திருந்த நேரத்தில், "ஏன் டொக்டர் புதனில் பூட்டுறீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் 1995 இடப்பெயர்வில் பெற்றோரின் கையைப் பிடித்துத் தென்மராட்சிக்கு நடந்த சிறுமி. பின்பு பேராதனையில் பல் மருத்துவம் படித்தவர். பகலில் அரச வைத்தியசாலை, மாலையில் வீட்டு முன்னறையில் சொந்தக் கிளினிக். கடைசி நோயாளி போனபின் கருவிகளைக் கழுவி, கிருமியழிக்கும் இயந்திரத்தில் வைத்து, கணக்கெழுதி எழும்ப இரவு பத்தாகும். குனிந்து நின்று கழுத்தும் இடுப்பும் நோகும். 2022 மின்வெட்டு நாட்களில், கரண்ட் வரும் நேரமே கிளினிக் நேரம்.

"ஒருநாள் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலிருந்து மகளிடம் துண்டு கொடுத்து விட்டிருந்தவை. நிரந்தரக் கடைவாய்ப்பல்லில் சூத்தை. ஊரார் வாயெல்லாம் பார்த்த எனக்கு, என்ர பிள்ளையின்ர வாயைப் பார்க்க நேரமில்லாமல் போச்சு" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் அந்தப் பல், எந்தப் பல்லும் விழாமலே வரும். பாற்பல்தானே என்று பலர் விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் வேறு முளைக்காது.

அதன்பின் அவர் இரண்டு நாள் பூட்டினார். மாலை ஏழு மணிக்குமேல் இலக்கம் கொடுப்பதில்லை. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு போட்டார். வருமானம் குறைந்தது. சிலர் வேறிடம் போனார்கள். "போனவை போகட்டும்" என்றார்.

சகோதரிகளே, டொக்டருக்கு மாதச் சம்பளமும் லீவும் உண்டு. தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள், பனையோலை வேலை என்று வீட்டிலேயே தொழில் செய்யும் எம்மவருக்கு அவை இல்லை. கடன் தவணைக்கு ஆள் வாசலில் வந்து நிற்கும்போது இரண்டு நாள் பூட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எமது வீடே கடையானதால், "சும்மா ஒருக்கா" என்று எந்த நேரமும் படலையைத் தட்டலாம் என்று ஆகிவிட்டது. நாளில் ஒரு மணித்தியாலமாவது எமது என்று பிடித்து வைக்க முடியாதா? சமூகவியல் படித்த நான் இதைப் பெண்களின் இரட்டைச் சுமை என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள். இரவு பதினொரு மணிக்கும் தொலைபேசியை எடுக்கும் என் வீட்டில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது அந்த அக்காவின் வாசலில் மட்டை ஒன்று தொங்குகிறது: "இரவு 7 மணிக்குப் பின் துணி வாங்கப்படமாட்டாது." இரண்டு பேர் முகத்தைச் சுழித்தார்களாம். மற்றவர்கள் நேரத்தோடு வருகிறார்கள்.

நானும் எட்டு மணிக்குப் பின் அவசரமென்றால் மட்டுமே பேசுகிறேன். முதல் நாளிரவு மகனை மடியில் படுக்கவைத்து, டோர்ச் அடித்து வாயைப் பார்த்தேன். ஆறு வயதுப் பல் இரண்டு பக்கமும் முளைத்திருந்தது. எப்போது முளைத்ததென்று எனக்குத் தெரியவில்லை.