வேலூரில் நாலு நாள்

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு." வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் இப்படி வேடிக்கையாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் சேலத்திலிருந்து ரயிலேறி நான் காட்பாடியில் இறங்கியபோது, வேடிக்கை பார்க்கிற மனசு எனக்கு இல்லை. கர்ப்பப்பையில் நாலு கட்டிகள். ஐந்தாம் நாள் காலையில் ஆபரேஷன்.

எனக்கு 36 வயது. எட்டு வயதில் ஒரு பெண். இன்னொரு குழந்தை வேண்டுமென்ற ஆசை வீட்டில் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான். மாதாமாதம் கட்டி கட்டியாகப் போனதை, "இது எல்லாப் பொம்பிளைக்கும் வர்றதுதானே" என்று இரண்டு வருஷம் மறைத்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.6. முதலில் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றி, அதை 10-க்கு மேல் கொண்டு வந்த பின்பே வேலூருக்குப் புறப்படச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளைப் பார்க்க வேண்டுமே! லாட்ஜ் மேல் லாட்ஜ். பெயர்ப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து. வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்காக வந்து, வாடகைக்குப் பாத்திரமும் அடுப்பும் எடுத்துச் சமைத்துக்கொண்டு வாரக் கணக்கில் தங்குகிறார்கள். கடுகெண்ணெய் வாசனையும் நம் சாம்பார் வாசனையும் ஒரே மாடிப்படியில் கலந்து வரும்.

முதல் நாள் ரத்தம், இ.சி.ஜி. என்று பரிசோதனைகளிலேயே போயிற்று. வரிசையில் காத்திருந்தபோதுதான் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி நினைத்துக்கொண்டேன். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். இளம் வயதில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்களாம். மூன்று பேரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட, மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அதற்காகவே டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-ல் ஒரே ஒரு கட்டிலுடன் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். அந்த மூன்று பெண்களுக்கு டாக்டர் கிடைக்கவில்லை. எனக்கோ எல்லாம் இருந்தும் நானே ஒளித்து வைத்தேன். வெட்கமாயிருந்தது.

இரண்டாம் நாள் டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். "இது புற்று நோய்க் கட்டி இல்லைம்மா. பெரும்பாலும் சாதாரணத் தசைக்கட்டிதான். கட்டியை மட்டும் எடுக்கத்தான் பார்ப்போம். ஆனா ரத்தப்போக்கு நிக்காம உயிருக்கே ஆபத்துன்னா, கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம். அதுக்கும் சம்மதம் வேணும்."

கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. அன்றிரவு தூக்கம் ஏது? மயக்க மருந்திலிருந்து எழுந்திருக்காமலே போய்விட்டால்? என் பெண்ணுக்கு யார் தலை வாரிவிடுவார்கள்?

விடியற்காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பயங்களையெல்லாம் மூன்று பக்கமாகப் பிரித்து எழுதினேன். டாக்டரைக் கேட்க வேண்டியவை, நான் செய்ய வேண்டியவை, கடவுளிடம் விட வேண்டியவை. வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது பக்கத்தில் இரண்டே வரிதான் இருந்தது! முதல் பக்கத்துக் கேள்விகளை மயக்க மருந்து டாக்டரிடம் வாசித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இவர் என்னைக் கோட்டைக்கு அழைத்துப் போனார். விஜயநகர காலத்துக் கருங்கல் கோட்டை, சுற்றிலும் அகழி. உள்ளே கோயில், மாதா கோயில், மசூதி மூன்றும் உண்டு. ஜலகண்டேசுவரர் கோயில் வாசல் மண்டபத்துத் தூண்களில் குதிரையும் யாளியும் பாய்ந்து வருகின்றன. இந்தக் கோயில் கர்ப்பகிருகம் நூற்றாண்டுக் கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டு வந்து மறுபடி வைத்தார்கள். அதனால் பழமொழியில் ஒன்று இப்போது பொய்!

சன்னதியில் நின்றபோது அழுகை வந்தது. "என் கர்ப்பப்பை போயிட்டா?" என்று கேட்டேன். இவர், "சாமி இல்லாத அத்தனை வருஷமும் இந்தக் கோயில் கோயிலாத்தானே நின்னுது? எங்களுக்கு நீ வேணும், அவ்வளவுதான்" என்றார். இரண்டு வருஷமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை அது.

லாட்ஜில் அடுத்த அறை வங்காள அம்மாளுக்கு இதே ஆபரேஷன் ஆகி எட்டு நாள். பாஷை தெரியாது. மூன்று உருண்டைகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் காட்டினார். நான் ஊதப் போக, தலையை ஆட்டி, உறிஞ்ச வேண்டுமென்று செய்து காட்டினார். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும், எழும்போது ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும், எல்லாம் சைகையிலேயே! கடைசியில் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு அதிகம் உதவியது அந்தப் பாடம்தான்.

நாலாம் நாள் அட்மிஷன். இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. காலை ஆறு வரை வெறும் தண்ணீர் மட்டும். நகப்பூச்சு, வளையல், மூக்குத்தி எதுவும் கூடாது. தாலியைக் கழற்றத் தயங்கினேன். புறப்படும்போதே மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்: "உயிரைக் காப்பாத்திக்கத்தானே கழட்டறே? தோஷமில்லே, போ." இவர் கையில் கொடுத்தேன். தியேட்டர் வாசல் வரை நோட்டுப் புத்தகத்தையும் அவர்தான் வைத்திருந்தார்.

கண் விழித்தபோது நர்ஸ் சொன்ன முதல் வார்த்தை, "கர்ப்பப்பை பத்திரமா இருக்கு." நாலு கட்டிகள், பெரியது சாத்துக்குடி அளவாம். மறுபடி வளரக்கூடும், அதனால் பரிசோதனைக்கு வரத் தவறக்கூடாது என்றார்கள். அடுத்த குழந்தைக்கும் டாக்டர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

சகோதரிகளே, பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே பயந்தவள்தான். ஆனால் மறைக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, உங்கள் பயங்களை இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள்.