மொட்டைமாடியும் ஒரு தார் ஷீட்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்தது என்பதைவிட, வந்து உட்கார்ந்து கொண்டது என்பதுதான் சரி. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில்லை ஒட்டி இருக்கும் குயிலாப்பாளையத்துக்கும் அதே மேகம்தான்.

50 செ.மீ. என்று செய்தியில் வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். கொஞ்சம் கணக்குப் போடலாம். 300 சதுர அடி மாடி என்றால் சுமார் 28 சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டர் மழை என்றால் 14,000 லிட்டர். ஒரு டேங்கர் லாரித் தண்ணீருக்கும் மேல், ஒரே நாளில், ஒரே வீட்டின் தலையில்!

300 சதுர அடியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2011-ல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் தளம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட அரசு தனித் திட்டம் போட்டது. கீற்றுக் கொட்டகையில் பிறந்தவர்கள் தட்டையான தளத்துக்குக் கீழே தூங்க ஆரம்பித்தது இப்படித்தான். தீ, காற்று இரண்டுக்கும் பயம் போனது. சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கீற்றுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. சரிவாக இருப்பதால் தண்ணீர் தங்காது. அப்படியும் ஒழுகினால், ஒழுகும் இடத்தில் இரண்டு கீற்றைச் செருகினால் முடிந்தது. தளத்தில் அப்படி இல்லை. மேலே விரிசல் ஓரிடம், கீழே ஓதம் வேறிடம். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் எங்கே சுற்றி எங்கே இறங்குகிறது என்று கொத்தனாருக்கே தெரியாது.

கான்கிரீட் ஏன் ஒழுக வேண்டும்? அது வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்குகிறது. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். தினமும் இந்த இழுபறி. மயிரிழை விரிசல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். விரிசல் வழியாக இறங்கும் நீர் கம்பியைத் தொட்டால் துரு. துருப்பிடித்த இரும்பு பழைய இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடல் மிக அருகில் இருக்கும் இந்தப் பகுதியில் உப்புக் காற்று வேறு. கூடத்தில் சோறு சாப்பிடும்போது கூரையிலிருந்து காரை பெயர்ந்து தட்டில் விழுகிறது என்றால் அது வெறும் ஒழுக்கு இல்லை, வீட்டின் ஆயுள் குறைகிறது என்று அர்த்தம்.

நம்மூர் ஆட்கள் இதை யோசிக்காமல் இல்லை. புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் ஒரு அருமையான ஏற்பாடு. மர உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சின்ன விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கும் பராமரிப்பு வேண்டும். பல ஆண்டு கவனிப்பார் இல்லாமல் கிடந்த புதுச்சேரி மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததே!

ஆரோவில் மண் கட்டட நிறுவனம் இந்தப் பழைய புத்தியைக் கொஞ்சம் புதுப்பித்தது. மண், மணல், சிமெண்ட், சுண்ணாம்பு ஆகியவற்றோடு படிகாரமும், துவர்ப்புச் சாறும் சேர்த்து நீர் புகாத பூச்சு செய்து பார்த்தார்கள். பாட்டி வைத்திய வாடை அடிக்கிறது, இல்லையா? ஆனால் சிமெண்ட் தளத்தின் மேல் இன்று சுண்ணாம்பு அடிக்க ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை.

இந்த இடத்தில்தான் மெம்பரேன் வருகிறது. 1960-களில் இத்தாலியில் தாரோடு ஒருவகை பாலிப்ரொப்பிலீனைக் கலந்து சுருள் சுருளாகச் செய்தார்கள். கடையில் தார் ஷீட் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனம். அடிப்பக்கத்தை கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டுவார்கள். அடுத்தடுத்த ஷீட்டுகள் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். சிமெண்ட் பூச்சு விரிசலோடு சேர்ந்து பிளக்கும். இது இழுபட்டுத் தாங்கும். ஒரே வித்தியாசம் அதுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. குறை என்னவென்றால் கறுப்பு. வெயிலை உறிஞ்சிக் கீழே அனலைத் தள்ளும், வெயிலில் தானும் காய்ந்து வெடிக்கும். அதனால் மேலே தட்டோடோ வெள்ளைப் பூச்சோ கட்டாயம்.

பி.காம். பாஷையில் சொன்னால், வருஷா வருஷம் விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றுவது வருவாய்ச் செலவு. மெம்பரேன் மூலதனச் செலவு. பத்து வருஷத்துக்குப் பரப்பிப் பார்த்தால் இரண்டாவதுதான் மலிவாக வர வாய்ப்பு அதிகம். ஆனால் மானியத்தில் வீடு கட்டி, மிச்சத்துக்குக் கடன் வாங்கியவரிடம் தேய்மானக் கணக்கைப் போட்டுக் காட்டி என்ன செய்வது? அவர் கையில் ஒரே தடவையில் அவ்வளவு பணம் இருக்காது. மானியத் தொகையிலேயே தளத்தின் மேல்பூச்சுக்கு என்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பணம் இருந்து போடுபவர்களும் ஏமாறுவது ஓரங்களில்தான். நடுத்தளத்தில் ஷீட் பளபளவென்று இருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சிமெண்டை வளைவாகப் பூசி, ஷீட்டைச் சுவர்மேல் ஓர் அடியாவது ஏற்றாமல் விட்டிருப்பார்கள். மழைநீர்க் குழாயின் வாய்க்குள் ஷீட் மடங்கியிருக்காது. எல்லாம் முடிந்த அடுத்த மாதம் டிஷ் மாட்ட வருபவர் நான்கு போல்ட் அடித்து ஓட்டை போட்டுவிட்டுப் போவார்! ஈரத் தளத்தில் ஒட்டினால் கொப்புளம் கிளம்பும் என்பதால் மாசி முதல் வைகாசி வரைதான் நல்ல காலம். ஆனால் எல்லோருக்கும் மாடி ஞாபகம் வருவது ஐப்பசியில்.

ஷீட் போட்டவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழாய் வாயை அடைத்து, தளம் முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பணம் கொடுக்கலாம். அதன்பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, தண்ணீர் குழாய்ப் பக்கமாக ஓடுகிறதா, வாட்டம் சரியா என்றும் பார்த்துவிடலாம். எங்கேயாவது தேங்கி நின்றால் மேஸ்திரி இன்னும் ஊரில்தான் இருப்பார்.